வண்டிக்குள் ஒரு படுக்கை



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டபோது ரோபோ, எலக்ட்ரிக் கார் என்று ஆளாளுக்குத் தலைப்பு கொடுத்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது சின்ன விஷயம்தான். நான்கு மீட்டர் நீளமுள்ள சின்ன எஸ்.யூ.வி. வண்டிக்குள் ஓர் ஆள் கால் நீட்டித் தூங்குவது எப்படி, தூங்கியவர் காலையில் எழுந்திருப்பது எப்படி என்பதே அது. இரண்டாவது பாதியை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். அப்பா ஏரியில் தொழில் செய்பவர். அம்மாவின் தம்பி, என் மாமா, சென்னையில் ஒருவரிடம் டிரைவர். அந்த முதலாளிக்குப் பறவை பார்ப்பதில் ஆசை. பூநாரை வரும் காலத்தில் ராத்திரியே இங்கு வந்து தங்கி, விடியற்காலையில் போட்டில் ஏறுவார். அவருக்கு அறை உண்டு. மாமாவுக்கு வண்டி. "வூடு பக்கத்துலதானே இருக்குது, வந்து படேன்டா" என்று அம்மா கூப்பிட்டால், "நாலு மணிக்கு அவரு வெளிய வந்தா வண்டி எதிர்ல நிக்கணும்க்கா" என்பார். முன் சீட்டைச் சாய்த்துக் காலை மடக்கியே தூங்குவார். காலையில் பாதம் வீங்கியிருக்கும்.

சென்ற பிப்ரவரியில் ஒரு நாள், கொசுவுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றினார். புழுக்கத்துக்கு என்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டார். நடுராத்திரிக்கு மேல் தலைவலி, வாந்தி. கதவைத் திறந்து மணலில் விழுந்தவரை, வலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்கள் பார்த்துத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் நான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். என்ஜினுக்குப் பக்கத்தில் எக்ஸாஸ்ட் பைப் இணைப்பிலும், பின்னால் சைலன்சர் வளைவிலும் துரு தின்ற ஓட்டைகள். உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு இது வரும். சைலன்சருக்கு நேர் மேலே, டிக்கியின் தரையில் ஒரு துளை. அதன் ரப்பர் மூடியைக் காணோம். பத்து நாள் முன்பு மாமா வண்டியை ஸ்டார்ட் செய்தபோது அடியில் 'புஸ் புஸ்' என்று சத்தம் வந்ததை நான் கேட்டேன். எக்ஸாஸ்ட் லீக் என்று தெரியும், வகுப்பில் படித்திருந்தேன். எங்கள் வீட்டில் படிக்கப் போன முதல் ஆள் நான். ஆனால் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. பரீட்சைக்குப் படித்தது வேறு, மாமா வண்டி வேறு என்று இருந்துவிட்டேன்.

பெட்ரோல் முழுதாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேலாக இதைப் பிடித்துக்கொள்ளும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். கன்வெர்ட்டருக்கு முன்னாலேயே பைப் ஓட்டையாக இருந்தால் வாயு சுத்தமாகாமலே வெளியே வரும். ஓடும் வண்டியில் காற்று அதை அடித்துக்கொண்டு போகும். நிற்கும் வண்டியில் அது அடியில் தேங்கி, கிடைத்த சந்தில் மேலே ஏறும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று தெரிய வந்தது. அத்தனை வசதியான வண்டிக்கே அந்தக் கதி.

ஆகவே என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் தூங்க வேண்டும். கம்ப்ரஸர் என்ஜின் பெல்ட்டில் சுற்றுவது. என்ஜின் நின்றால் ஏ.சி. கிடையாது. வேறு வழி ஜன்னல்தான். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது. எதிரெதிராக இரண்டு கண்ணாடியை நாலு விரல் இறக்க வேண்டும். மூடிய வண்டியில் மூச்சின் ஈரமே விடிவதற்குள் கண்ணாடியில் வழியும். கொசுவுக்கு அம்மா ஒரு வேலை செய்தார். கொசுவலைத் துணியைத் தலையணை உறை மாதிரி தைத்து, கதவின் மேல்பாதிக்கு மாட்டிவிட்டார். கதவைச் சாத்தினாலும் கண்ணாடியை இறக்கலாம், கொசு வராது. ஓரத்துக்குக் கயிறு கோத்தது அப்பா. வலை பின்னுகிற கை, அந்த முடிச்சு அவிழவே இல்லை.

பன்னிரண்டு வோல்ட் சின்ன விசிறி அரை ஆம்பியர் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 4 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது தாங்கும், காலையில் ஸ்டார்ட் ஆகும்.

அடுத்தது நீளம். நம் நாட்டில் சின்ன எஸ்.யூ.வி. எல்லாம் ஏன் நான்கு மீட்டருக்குள்ளேயே நிற்கின்றன? 2006 பட்ஜெட்டில் நீளம் 4000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1200 சி.சி.க்குள், டீசல் 1500 சி.சி.க்குள் இருந்தால் வரி குறைவு என்றார்கள். கம்பெனிகள் அந்தக் கோட்டுக்குள் வண்டியைச் சுருக்கின. 2023-இல் வந்த ஐந்து கதவு ஜிம்னிகூட 3985 மில்லிமீட்டர்தான். அதில் என்ஜினும் டேஷ்போர்டும் போக மிச்சம்தான் நமக்கு.

மாமா ஓட்டும் வண்டியில் பின் சீட்டை மடக்கி டேப் வைத்தேன். டிக்கி கதவிலிருந்து மடங்கிய சீட்டின் முனை வரை 56 அங்குலம். சக்கர மேடுகளுக்கு நடுவில் அகலம் 40. மாமா உயரம் 66. உடனே பித்தாகரஸ் போட்டேன்: மூலைவிட்டம் 68.8 அங்குலம்! ஆள் அடங்குவார் என்று குதித்தேன். மாமாவைப் படுக்க வைத்தால் தோள் சக்கர மேட்டில் இடிக்கிறது, தலை கதவில் முட்டுகிறது. "இன்னாடா மாப்ள, படிச்ச கணக்கு இடிக்குதே" என்றார். கணக்கில் கோடு இருந்தது, ஆள் இல்லை. தோளின் அகலத்தை நான் சேர்க்கவே இல்லை.

பிறகுதான் முன் சீட்டைப் பார்த்தேன். அதை முழுதாக முன்னே தள்ளினால், பின் சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் பள்ளம் 14 அங்குலம் கிடைக்கிறது. 56-உம் 14-உம் எழுபது. அந்தப் பள்ளத்தின் மேல் கீல் வைத்த பலகையை மடக்கித் திறக்கிற மாதிரி செய்தால் போதும். அடியில் பை, செருப்பு, தண்ணீர் கேன்.

கால் நீட்டுவது சொகுசு என்று நினைக்காதீர்கள். 2004-இல் ஜப்பானில் நீகாட்டா நிலநடுக்கத்துக்குப் பிறகு, வீட்டுக்குள் போகப் பயந்து பலர் நாள் கணக்கில் காரிலேயே தூங்கினார்கள். உட்கார்ந்தபடி கால் மடங்கியே கிடந்ததில் காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலில் போய் அடைத்து, சிலர் இறந்தார்கள். 2016-இல் குமமோட்டோவிலும் அதே கதை. மாமாவின் பாத வீக்கத்தை அதன் பிறகு நான் சாதாரணமாகப் பார்க்கவில்லை.

பலகைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் எடுத்தேன். ஈரமான ஊர், வாட்டர்புரூஃப் ரகமே வேண்டும். கடைக்காரர் 18 மில்லிமீட்டர் போடச் சொன்னார். இங்கேதான் நம் 'ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பேப்பர் கைகொடுத்தது (எனக்கு அதில் அரியர் இருந்தது என்பது வேறு). கனம் ஒன்றரை மடங்கானால் விறைப்பு ஒன்றரையின் முப்படி, ஏறக்குறைய 3.4 மடங்கு. எடையும் ஒன்றரை மடங்கு ஏறும். அதற்குப் பதில் தாங்குகிற கட்டைகளின் இடைவெளியைப் பாதியாக்கினால், நடுவில் அதே பாரத்துக்குத் தொய்வு எட்டில் ஒரு பங்கு. 28 அங்குல இடைவெளியின் நடுவில் ஒரு இரண்டுக்கு இரண்டு கட்டை வைத்தேன், வேலை முடிந்தது. டிக்கி தரை மடங்கிய சீட்டைவிட 5 அங்குலம் பள்ளம், ஆகவே பின் கட்டைகளுக்கு அந்த உயரம். மேலே கோரைப்பாய், அதன்மேல் மெல்லிய ஃபோம். மெத்தை கனத்தால் தலை கூரையில் இடிக்கும்.

எதையும் போல்ட் போட்டு முடுக்கவில்லை, சீட்டைக் கழற்றவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. வண்டியும் மாமாவுடையது அல்லவே. பலகை மூன்று துண்டு, ஐந்து நிமிடத்தில் எடுக்கலாம். ஓடும்போது கழற்றிக் கயிற்றால் கட்டிவிட வேண்டும்; பிரேக் அடித்தால் பிளைவுட் கத்தி மாதிரி பறக்கும்.

சின்ன விஷயம் ஒன்று. பின் கதவுகளில் சைல்டு லாக் இருக்கும். அது போட்டிருந்தால் உள்ளேயிருந்து கதவு திறக்காது. அன்று மாமா முன் சீட்டில் இருந்ததால்தான் வெளியே விழ முடிந்தது. படுக்கும்முன் அதை எடுத்துவிட வேண்டும். தலை முன்பக்கம் இருக்கட்டும், புகைக்குழாய் பக்கம் வேண்டாம். கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதை அப்பாவிடம் கேட்டேன். ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரிப்பதற்குப் 'பாடு' என்று பெயர். "வண்டிக்காரங்களுக்கும் பாடு வெச்சாத்தான் அடங்குவாங்க" என்று சிரித்தார். ராக்கெட் விடுகிற நாளில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் பார்த்துக் கரையெல்லாம் கார் நிற்கும். வலை காயும் மணலில் டயரை ஏற்றி, அதன் பக்கத்திலேயே அடுப்பு மூட்டுவார்கள். ஒரு வலை பொசுங்கினால் ஒரு வீட்டுக்கு எத்தனை நாள் சோறு போகும் என்று அவர்களுக்குத் தெரியாது. விடியற்காலையில் பெண்கள் வரும் பக்கத்தில் ஹெட்லைட் போட்டு நிற்பதும் உண்டு. பறவைகள் சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கவே கூடாது. ஈர மணல் இருட்டில் கெட்டியாகத் தெரியும், தண்ணீர் ஏறினால் வண்டியை விழுங்கும். குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு நிறுத்தினால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

சைலன்சரையும் பைப்பையும் முதலாளி மாற்றிக் கொடுத்தார். டிக்கி துளைக்கு நானே ரப்பர் மூடி போட்டேன். பலகையைப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு செஞ்சு தருவியா, நானும் படுத்துப் பாக்கறேன்" என்றாராம். மாமா இப்போது பூநாரை சீசனில் கால் நீட்டித் தூங்குகிறார். வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, "சத்தம் சரியா இருக்குதா பாரு மாப்ள" என்கிறார்.

பலகையின் வரைபடம் அளவுகளோடு என் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் மதிய இடைவேளையில் ஒர்க்‌ஷாப்பில் என்னைப் பார்க்கலாம். வரும்போது உங்கள் வீட்டு வண்டியின் அளவை எடுத்து வாருங்கள். தூங்கப் போகிறவரின் தோள் அகலத்தையும் சேர்த்து.