டோனி பார்க்கரின் ‘டியர்டிராப்’: 45 செ.மீ. வளையத்துக்குள் ஒரு பிசிக்ஸ் பாடம்

பாஸ்கெட்பால் உயரமானவங்க விளையாட்டுன்னுதான் எல்லாரும் சொல்வோம். என்.பி.ஏ.வில் ஏழடி ஆளுங்க ரிங்குக்குக் கீழே கையைத் தூக்கிட்டு நிப்பாங்க. அவங்களுக்கு நடுவுல புகுந்து, ஆறடி ரெண்டு அங்குல பிரெஞ்சு வீரர் ஒருத்தர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்காக 17 சீசன் ஆடினார். 4 முறை சாம்பியன். எப்படி முடிஞ்சது? பதில் நம்ம ப்ரொஜெக்டைல் மோஷன் பாடத்துலயே இருக்கு.

யார் இவர்?

1982-ல் பெல்ஜியத்தில் பிறந்து பிரான்ஸில் வளர்ந்தவர். அப்பா அமெரிக்கர், அவரும் பாஸ்கெட்பால் வீரர். 2001-ல் ஸ்பர்ஸ் வச்ச முதல் சோதனைப் பயிற்சியில் பார்க்கர் தடுமாறினார். ‘இவன் தாங்க மாட்டான்’னு கோச் பாப்பவிச் சில நிமிஷத்துலயே முடிவு கட்டிட்டார். இன்னொரு வாய்ப்பு கிடைச்சது. அதில் தேறி, டிராஃப்டில் 28-வது ஆளாகத் தேர்வானார். முதல் சீசனிலேயே, 19 வயசுல, ஸ்டார்ட்டிங் பாயிண்ட் கார்டு!

இப்போ கணக்கு

ரிங்கின் விட்டம் 45 செ.மீ., பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. பந்து சாய்வா வந்தா, அதுக்குத் தெரியற திறப்பு 45 × சைன் θ. இதில் θ என்பது பந்து இறங்கும் கோணம்.

- 30°: 22.5 செ.மீ. (ரிங்கில் படாம உள்ளே போகாது)
- 45°: சுமார் 32 செ.மீ.
- 60°: சுமார் 39 செ.மீ.

அதாவது பந்து செங்குத்தா இறங்க இறங்க வாசல் பெருசாகுது. பார்க்கரின் ‘டியர்டிராப்’ இதுதான்: ஓடி வந்து, ரிங்குக்குச் சில அடி முன்னாடியே, ஒத்தைக் கையால பந்தை உயரமாத் தூக்கி விடுறது. அது கண்ணீர்த்துளி மாதிரி மேலிருந்து இறங்கும்.

விதியும் துணைக்கு வருது. ரிங்கை நோக்கி இறங்க ஆரம்பிச்ச பந்தைத் தடுப்பவர் தொட்டா அது ‘கோல்டெண்டிங்’, பாயிண்ட் கொடுத்துடுவாங்க. ஆக, ஏறும்போது மட்டும் அந்த நீளக் கைகளைத் தாண்டினா போதும்.

அப்போ எல்லாரும் ஏன் இதைப் போடறதில்லை? முழு வேகத்துல ஓடும்போது உடம்பின் வேகமும் பந்தோட சேர்ந்துக்கும். அதை மனசுல கழிச்சுட்டுத்தான் கை விடணும். யோசிக்க நேரமே இருக்காது. பயிற்சியில கை பழகியிருந்தாத்தான் உண்டு.

பலன்

2005-06 சீசனில் அவர் எடுத்த ஷாட்டுகளில் 54.8% உள்ளே போச்சு. ஒரு கார்டுக்கு இது அபூர்வம். 2007 ஃபைனல்ஸில் கிளீவ்லேண்டுக்கு எதிரா சராசரி 24.5 பாயிண்ட். ஃபைனல்ஸ் எம்.வி.பி. விருது வாங்கிய முதல் ஐரோப்பியர் இவர்தான். 2013-ல் பிரான்ஸுக்கு முதல் யூரோபாஸ்கெட் தங்கம். அதிலும் இவரே எம்.வி.பி.

கால்பந்து, ரக்பி பேசும் நாட்டில், நடுராத்திரி கண்விழிச்சு என்.பி.ஏ. பார்க்கும் ஒரு தலைமுறையை வளர்த்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2014-ல் லியோன் பக்கத்து அஸ்வெல் கிளப்பின் தலைவரானார். அந்தக் கிளப்பில் 2021-22-ல் ஆடிய விக்டர் வெம்பன்யாமாவை, 2023 டிராஃப்டில் முதல் ஆளா எடுத்தது அதே ஸ்பர்ஸ்! அதே வருஷம் பார்க்கர் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார்.

அடுத்த முறை கோர்ட்டுக்குப் போனா, பந்தை இன்னும் கொஞ்சம் உயரமா விட்டுப் பாருங்க. வாசல் பெருசாத் தெரியும்.