பதினான்காம் நாள் எல்லோருக்கும் பொருந்துமா?

குழந்தைப்பேற்றை எதிர்நோக்கி எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் தம்பதியர் பலர், "பதினான்காம் நாளைத் தவறவிடுவதே இல்லை, ஆனாலும் கரு நிற்கவில்லை" என்று வருந்துவதுண்டு. அவர்களுள் சிலருக்குக் குறை உடலில் இருப்பதில்லை, கணக்கில்தான் இருக்கிறது.

சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிப்பட்டு ஏறத்தாழ 14 நாட்களில் அடுத்த மாதவிடாய் வருகிறது. சுழற்சியின் இந்தப் பின்பகுதி பெரிதும் மாறுவதில்லை. நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் முன்பகுதியே. ஆகவே அடுத்த மாதவிடாய் வரவேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி 14 நாட்களை எண்ண வேண்டும். மாதவிடாய் தொடங்கும் நாளை முதல் நாளாகக் கொண்டால், 28 நாள் சுழற்சியில் 14ஆம் நாளையும், 35 நாள் சுழற்சியில் 21ஆம் நாளையும் ஒட்டிக் கருமுட்டை வெளிப்படும். இரண்டொரு நாள் முன்பின் ஆவது இயல்பே.

வெளிப்பட்ட கருமுட்டை ஒரு நாளுக்குள் செயலிழந்துவிடும். விந்தணுக்களோ பெண்ணின் உடலில் 5 நாட்கள் வரை உயிரோடிருக்கக்கூடும். எனவே கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களுமே கருத்தரிக்க ஏற்றவை. 35 நாள் சுழற்சி உடையவருக்கு இவை 16 முதல் 21 வரையிலான நாட்கள். அவர் 14ஆம் நாளை மட்டும் நம்பியிருந்தால் வாய்ப்பு கைநழுவிப் போகலாம். இந்நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூடினாலே போதுமானது.

உடலும் சில குறிப்புகளைத் தரும். வெள்ளைப்படுதல் முட்டையின் வெண்கருவைப் போலத் தெளிந்து, இழுபடும் தன்மையுடன் இருந்தால் ஏற்ற நாட்கள் வந்துவிட்டன எனக் கொள்ளலாம். மருந்தகங்களில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை, எல்.எச். என்னும் ஹார்மோன் உயர்வதைக் காட்டும்; அதன்பின் ஏறத்தாழ 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளிப்படும். காலையில் அளக்கும் உடல் வெப்பம் கருமுட்டை வெளிப்பட்ட பின்னரே சற்று உயர்வதால், அந்த மாதத்துக்கு அது முன்னறிவிப்பாகாது.

சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் மாதவிடாய் ஒழுங்கற்றவர்களுக்கும் இக்கணக்கும் பட்டையும் தவறாக வழிகாட்டலாம். அவர்கள் காத்திராமல் மருத்துவரை அணுகுதல் நலம். மற்றவர்கள் ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டாலும், 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதங்களிலும் வர வேண்டும். கருத்தரிக்க முயலும்போதே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளத் தொடங்குக.

குழந்தைப்பேறு தாமதமாகும்போது பெண்ணை மட்டும் குறைகூறுவது முறையன்று. காரணம் ஆணிடமும் இருக்கலாம். முதல் ஆலோசனைக்கே இருவரும் சேர்ந்து வாருங்கள். கடந்த சில மாதங்களின் மாதவிடாய்த் தேதிகளையும் குறித்து எடுத்து வாருங்கள். சிகிச்சை அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறது.