படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு

இது விமர்சகர்களுக்கான பட்டியல் இல்லை. வேலைக்கு நடுவே, மன்னார்குடி பஸ்ஸிலோ ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகோ ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு, அதைப் பற்றி டீக்கடையிலோ நூலக வாசகர் வட்டத்திலோ நாலு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிற சாதாரண வாசகர்களுக்கானது. நானும் அப்படிப்பட்ட வாசகன்தான். சமீப காலமாக நம் கீழத்தஞ்சைப் பக்கத்தைப் பற்றிய புத்தகங்களாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த மண்ணைப் பற்றிய புத்தகம் எப்படி இருக்கிறது என்று இந்த மண்ணில் வாழ்கிறவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். சென்னையிலும் டெல்லியிலும் இருக்கிறவர்கள் சொல்வது அவர்கள் கருத்து. நம் கருத்தை நாம்தான் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை

எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தீர்களோ, அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். கதைச்சுருக்கத்தை அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். உங்களை நிறுத்திய இடம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' 1991-இல் வந்த நாவல். மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை வைத்து எழுதியது. பிராமணக் குடும்பத்தில் சிறு வயதிலேயே விதவையான ஒரு பெண், தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையுமாகச் சேரிக்குள் நடந்து போய்ப் பண்ணையாட்களைச் சங்கத்தில் சேர்க்கிறார். 1940-களில், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து ஊர்களில். அந்த உடையைப் பற்றிப் படித்தபோது என்னால் மேலே போக முடியவில்லை. அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது நம் ஊர்த் தெருக்களில் நடந்து பழகியவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும். 1953-இல் அவர் மான் முட்டி இறந்தார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. அதனால்தான் இந்தப் புத்தகத்தைப் பற்றி யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்.

ஒரே சம்பவத்தைப் பற்றிய இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்துப் படியுங்கள். இந்தப் பட்டியலில் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலி கூடக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள், அவ்வளவுதான். கும்பகோணத்தில் வளர்ந்து டெல்லியில் பேராசிரியராக இருந்த இந்திரா பார்த்தசாரதி இதை வைத்து 'குருதிப்புனல்' எழுதினார். 1975-இல் வந்தது. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' 1999-இல் வந்தது. அவர் திருவாரூர்ப் பக்கத்துக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரிகிற வித்தியாசம் தனித்தனியாகப் படித்தால் தெரியாது. 'குருதிப்புன'லில் டெல்லியிலிருந்து வந்த படித்த இளைஞர்களின் கண் வழியாக நாம் ஊரைப் பார்க்கிறோம். நிலச்சுவான்தாரின் கொடுமைக்குப் பின்னால் அவருடைய ஆண்மைக் குறை இருக்கிறது என்று நாவல் போகிறது. வர்க்கப் போராட்டத்தை மனநோய்க் கதையாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் அப்போதே சண்டைக்கு வந்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்பதே என் கருத்து. இங்கே நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஆட்களை அடிக்க மனக்கோளாறு எதுவும் தேவைப்படவில்லை. பழக்கமே போதுமானதாக இருந்தது. 'செந்நெல்' அப்படி வெளியிலிருந்து வருவதில்லை. பேச்சே நம் பேச்சு. வயல், களம், கூலி, சங்கம் எல்லாம் தொழிலாளர்கள் நிற்கிற இடத்திலிருந்து விரிகின்றன. ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரன் ஒருவன் நம் ஊருக்கு வந்து எதையும் மாற்ற முடியாமல் திணறுகிற திணறலை 'குருதிப்புனல்' காட்டுகிற அளவுக்கு வேறு புத்தகம் எனக்குக் காட்டவில்லை. ஒன்றைப் படித்தவர்கள் மற்றதையும் படித்துவிட்டுப் பேசினால் வாசகர் வட்டத்தில் பாதி வாக்குவாதம் குறையும். மீதிப் பாதி உருப்படியாக இருக்கும்.

வயலில் நின்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். காலமெல்லாம் நடவுக்குப் போன ஒரு பெரியம்மாவுக்கு 'செந்நெல்'லிலிருந்து சில பக்கங்கள் படித்தேன். கதையை விட்டுவிட்டு அவர் கூலிக்குப் போனார். "அரைப்படி நெல்லு கூடக் கேட்டதுக்குத்தானேப்பா அவ்வளவும்" என்றார். பிறகு, களத்தில் நெல் அளக்கும்போது மரக்காலை எப்படிச் சாய்ப்பார்கள் என்று கையாலேயே காட்டினார். எந்த அணிந்துரையிலும் இது கிடைக்காது.

இளவயது வாசகர்கள் சிலர், பண்ணையாட்களுக்குச் சாணிப்பால் ஊற்றியதும் சவுக்கால் அடித்ததும் கதைக்காகக் கூட்டிச் சொன்னது என்று நினைக்கிறார்கள். அவையெல்லாம் கூடாது என்று 1944-இல் மன்னார்குடியில் ஒப்பந்தமே போட வேண்டியிருந்தது. அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால் இருந்த பண்ணையாட்கள் போராட்டத்தைக் கட்டி வளர்த்த பி. சீனிவாசராவ் கன்னடம் பேசும் ஊரிலிருந்து வந்தவர். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாவலைப் படிக்கிறவர் இந்த இரண்டு வருஷங்களையும் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

புத்தகத்தில் வரும் இடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். நமக்கு இருக்கிற பாக்கியம் இது. எழுத்தாளர்கள் சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971-இல் வந்தது. குடகு மலையிலிருந்து பூம்புகார் வரை ஆற்றோடு போன பயணம். அதைப் படித்துவிட்டு ஓடம்போக்கிக் கரையிலோ வெண்ணாற்றங்கரையிலோ ஆனி மாதத்தில் நின்று பாருங்கள். அந்தப் புத்தகம் வந்த காலத்தில் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்குமா என்ற கவலை இன்றைக்கு இருக்கிற மாதிரி வீட்டுக்கு வீடு இல்லை. அதற்குப் பிறகு 1924 காவிரி ஒப்பந்தத் தகராறு முற்றி, 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018-இல் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று வந்து நிற்கிறோம். இவ்வளவும் தெரிந்த நமக்கு அந்தப் பக்கங்களில் ஓடுகிற தண்ணீரைப் படிக்கும்போது ஒரு ஏக்கம் வருகிறது. எழுதியவர்கள் அந்த ஏக்கத்தை வைத்து எழுதவில்லை. நாம்தான் கொண்டுபோகிறோம். அதையும் கருத்தாகச் சொல்லலாம், தப்பில்லை.

தொடராக வந்ததைத் தொடராகவே படியுங்கள். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தைக் கையில் எடுத்துப் பார்த்துப் பயந்து வைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். அது 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. ஒரே மூச்சில் படிக்கச் சொல்லி அவர் எழுதவில்லை. ராத்திரிக்கு ஓர் அத்தியாயம் போதும். 122 அத்தியாயங்கள் இருக்கின்றன. 1942-இல் அவர் மறைந்ததால் அது முடிவு பெறாத புத்தகம். அதனால் நீங்கள் மெதுவாகப் படிப்பதற்கு யாரிடமும் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. அவர் பிறந்த உத்தமதானபுரம் இன்று நம் திருவாரூர் மாவட்டத்தில், வலங்கைமான் வட்டத்தில் இருக்கிறது. பாடம் கேட்க ஆசிரியரைத் தேடி ஊர் ஊராக அலைந்த பகுதிகளை, பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள்.

பிடிக்கவில்லை என்றால் பக்கத்தைக் காட்டிச் சொல்லுங்கள். "போர்" என்று ஒரே சொல்லில் முடித்தால் கேட்கிறவருக்கு எதுவும் கிடைப்பதில்லை.

செய்யக்கூடாதவை

முடிவைச் சொல்லிவிடாதீர்கள். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' படிக்க எடுத்தவரிடம் அலங்காரத்தம்மாள் கடைசியில் என்ன செய்தாள் என்று சொன்னால், அந்த நாவலில் அவருக்குக் கிடைக்க வேண்டிய அதிர்ச்சியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

சினிமாவைப் பார்த்துவிட்டு நாவலைப் பற்றிப் பேசாதீர்கள். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' 1995-இல் படமாக வந்தது. 'குருதிப்புன'லைத் தழுவி 1983-இல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' வந்தது. படங்களைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள், படம் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். பாபு ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்றுக்கொள்ளும் பக்கங்களைப் படிக்காதவர் 'மோகமுள்' பற்றி என்ன சொல்ல முடியும்? சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த ஊர்க்காரர்கள் அந்தப் பக்கங்களையாவது தவறவிடக் கூடாது.

விருதை வைத்து எடை போடாதீர்கள். 'குருதிப்புன'லுக்கு 1977-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. தி. ஜானகிராமனுக்கு 1979-இல் 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைத்தது. நாம் இன்றும் பேசிக்கொண்டிருக்கிற 'மோகமுள்'ளுக்கோ 'அம்மா வந்தா'ளுக்கோ இல்லை.

எழுதியவரின் சாதியைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். யார் எழுதுகிறார், எந்த இடத்திலிருந்து எழுதுகிறார் என்று கேட்பது தப்பே இல்லை. நம் பக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் படித்தால் பாதிதான் படித்ததாகும். ஆனால் கேள்வி கேட்டபிறகு புத்தகத்துக்குள் போக வேண்டும். ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர், பள்ளிப் படிப்பு அதிகம் கிடைக்காதவர். எழுத எடுத்துக்கொண்ட மனிதர்களின் ஊருக்கே போய், அவர்களோடு பேசிப் பழகி எழுதியவர். அந்த உழைப்பு பக்கங்களில் தெரிகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லுங்கள். தெரியாத இடத்தையும் சொல்லுங்கள்.

ஒரு புத்தகத்தை எடுத்து இன்னொன்றை அடிக்காதீர்கள். இதில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். 'அம்மா வந்தாள்' 1966-இல் வந்தது. வெண்மணி எரிந்தது 1968-இல். 'அம்மா வந்தா'ளின் அப்பு காவிரிக்கரை வேத பாடசாலையில் அத்தியயனம் முடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், அதே ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த வயல்களில் அரைப்படி நெல்லுக்காக மனிதர்கள் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தி. ஜானகிராமன் மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடியில் பிறந்தவர். அக்கிரகாரத்துத் திண்ணையும் ஆற்றங்கரையும் ஒரு பெண்ணின் முகத்தில் ஓடுகிற நினைப்பும் அவருக்குக் கிடைத்த மாதிரி யாருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய நாவல்களில் நான் சேற்றைத் தேடினேன். கொஞ்சம்தான் இருக்கிறது. 'நடந்தாய் வாழி காவேரி'யிலும் கோயிலும் சங்கீதமும் மனதில் நிற்கிற அளவுக்கு நாற்று நடுகிறவர்கள் நிற்கவில்லை.

இதைச் சொன்னால் உடனே இரண்டு கட்சியாகப் பிரிகிறோம். ஒருவர் தி.ஜா.வை மிராசு வீட்டு எழுத்தாளர் என்று தள்ளுகிறார், இன்னொருவர் 'செந்நெல்'லைப் பிரசாரம் என்று தள்ளுகிறார். இரண்டும் வேண்டாம். தி.ஜா.விடம் சேறு குறைவு என்று சொல்வது அவருடைய அழகை மறுப்பதாகாது. 'செந்நெல்'லின் பக்கம் நிற்பதற்காக 'மோகமுள்'ளை வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டியதில்லை. இந்த இரண்டு தஞ்சாவூர்களும் ஒரே காலத்தில் ஒரே ஆற்றின் கரையில் இருந்தன. ஒன்றை மட்டும் படித்தவருக்கு மற்றதும் இருந்தது என்பதைச் சொல்லுங்கள், புத்தகத்தின் பெயரோடு சொல்லுங்கள்.

நூலகப் புத்தகத்தில் கோடு போடாதீர்கள், கருத்து எழுதாதீர்கள். உங்கள் கருத்துக்கு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, பக்க எண், தோன்றியது. வாசகர் வட்டத்துக்கு அந்த நோட்டோடு வருகிறவர் பேசினால் கேட்க நன்றாக இருக்கிறது.

"நம்ம லைப்ரரில அதெல்லாம் இருக்காது" என்று சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். நம் மாவட்டத்துக்கு அப்படிச் சொல்ல உரிமை கிடையாது. 1931 அக்டோபரில் மன்னார்குடி மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் என்று அவர் விதி வகுத்துப் புத்தகமாக வெளியிட்டதும் அதே 1931-இல்தான். 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக அதோடு சேர்ந்தே போகிறது. ஆக, கேட்பது சலுகை இல்லை. 'பாதையில் பதிந்த அடிகள்' உங்கள் கிளை நூலகத்தில் இல்லையென்றால் நூலகரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு தாளில் புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் தெளிவாக எழுதி, படிக்க விரும்புகிற இன்னும் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். அடுத்த மாதம் போய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.