அத்தை நெஞ்சில் ஒரு சின்னக் கதவு



ராத்திரியில எங்க அத்தை பக்கத்துல படுத்தா 'டிக் டிக்'னு மெதுவா ஒரு சத்தம் கேட்கும். அது கடிகாரம் இல்லீங்க. அத்தையின் இதயத்தில் வைத்திருக்கும் செயற்கை வால்வு! சின்ன வயதில் அத்தைக்குத் தொண்டைப்புண் வந்து, பிறகு காய்ச்சலும் மூட்டு வலியும் வந்ததாம். சரியாக வைத்தியம் பார்க்கவில்லை. அது ருமாட்டிக் காய்ச்சல். இதய வால்வைக் கெடுத்துவிட்டது.

வால்வு என்றால் என்ன? கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு இருக்கிறதே, அது மாதிரிதான். ரத்தத்தை ஒரு பக்கமாக மட்டும் போக விடும், திரும்ப விடாது. நம் இதயத்தில் இப்படி நான்கு உண்டு.

அத்தையின் ஆஸ்பத்திரி அட்டையில் 'சித்ரா வால்வு' என்று இருந்தது. அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முன்பு வெளிநாட்டு வால்வுதான் கிடைக்கும். ஏழைகளுக்குக் கட்டுபடியாகாத விலை. அதனால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் குழுவினர் நம் நாட்டிலேயே செய்ய முயன்றார்கள். செய்ததும் நோயாளிக்கு வைத்துவிடவில்லை. செய்யும்போதே சோதித்தார்கள்.

ஒரு கணக்குப் போடுவோமா? இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் ஒரு நாளுக்கு 1,03,680 முறை. வருடத்துக்கு 3 கோடியே 78 லட்சத்துக்கும் மேல்! அத்தனை முறையும் வால்வு திறந்து மூட வேண்டும். அதனால் மெஷினில் வைத்து வேகமாகத் திறந்து மூடி, பல வருட உழைப்பைச் சில மாதங்களில் பார்த்தார்கள். ஆடுகளுக்கும் வைத்துப் பார்த்தார்கள்.

ஒரு மாதிரியில் பற்றவைத்த கம்பி முறிந்தது. இன்னொன்றில் உலோகம் தேய்ந்தது. வேறொன்றில் உள்ளே இருக்கும் வட்டத் தட்டே உடைந்தது. ஒவ்வொரு தடவையும் காரணத்தைக் கண்டுபிடித்து மாற்றினார்கள். நான்காவது மாதிரிதான் தேறியது. கோபால்ட் கலந்த உலோகச் சட்டம், கெட்டியான பிளாஸ்டிக் தட்டு. 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்தார்கள். இன்று வரை 1 லட்சத்துக்கும் மேல் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சோதனை தேவையா என்று கேட்கலாம். 1979-ல் வெளிநாட்டில் 'பியார்க்-ஷைலி' வால்வின் ஒரு புது வகை விற்பனைக்கு வந்தது. சுமார் 86,000 பேருக்கு வைத்த பிறகு 1986-ல் அதை நிறுத்தினார்கள். காரணம், சிலருக்கு நெஞ்சுக்குள்ளேயே அதன் கம்பி முறிந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மற்றவர்கள் பயத்தோடு வாழ்ந்தார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். வால்வுக்கு அது போதாது! உழைக்குமா, ரத்தம் உறையுமா, ஏழையால் வாங்க முடியுமா என்று ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க அத்தை இப்பவும் தினமும் மாத்திரை சாப்பிடுறாங்க.

இதையெல்லாம் அத்தைகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "அத்தன தடவ உடைஞ்சதா? நல்லவேளை, அங்கயே உடைஞ்சுது" என்றார்கள்.

தோழிகளே, தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தால் சும்மா இருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

யோசிக்க: உங்கள் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். உங்கள் வால்வு இன்று எத்தனை முறை திறக்கும்?



– ஒன்பதாம் வகுப்பு மாணவி