குழந்தைக்கு டிஎம்எஸ்ஏ ஸ்கேன்: என்னென்ன கவனிக்க வேண்டும்?

காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்த குழந்தைக்கு டாக்டர் டிஎம்எஸ்ஏ ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், எதற்காக என்று முதலில் கேட்டுவிடுங்கள். இந்த ஸ்கேன் கிருமியைக் காட்டாது. அதற்கு யூரின் கல்ச்சர்தான். தொற்று சிறுநீரகம்வரை ஏறியதா, அங்கே வடு விழுந்ததா என்பதைத்தான் இது சொல்லும்.

அடுத்தது தேதி. காய்ச்சல் இருக்கும்போது எடுத்தால், அழற்சி கண்ட இடம் ஸ்கேனுக்காக ஏற்றும் மருந்தை வாங்காமல் மங்கித் தெரியும். வடுவைப் பார்க்க வேண்டுமானால் தொற்று வந்து நான்கு முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அதற்கு முன் ஆறப்போகும் வீக்கமும் ஆறாத வடுவும் ஒன்றுபோலவே இருக்கும். இடையில் மறுபடி தொற்று வந்தால் டாக்டரிடம் சொல்லித் தேதியை மாற்றிக் கேளுங்கள்.

மயக்க மருந்து கொடுப்பதாகச் சொல்லாதவரை பட்டினி போட வேண்டாம். பால், தண்ணீர் தாராளமாகக் கொடுக்கலாம். பழைய ரிப்போர்ட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருந்தில் கதிரியக்கம் இருப்பதால் கர்ப்பிணி துணைக்குப் போக வேண்டாம்.

போனதும் எடை பார்ப்பார்கள். மருந்தின் அளவு அதைப் பொறுத்தது. கையில் வென்ஃப்ளான் போட்டு, டெக்னீசியம்-99எம் சேர்த்த டிஎம்எஸ்ஏ மருந்தை ஏற்றுவார்கள். அழுகை பெரும்பாலும் இதோடு சரி. மருந்து சிறுநீரகத்தில் படிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கைக்குழந்தை என்றால் அதுவரை விளையாட்டுக் காட்டி விழித்திருக்க வையுங்கள். கூப்பிடும் நேரத்தில் பாலூட்டி, டயபர் மாற்றிப் படுக்கவைத்தால் தூங்கிவிடும். படம் எடுக்க அரை மணி நேரம் போல ஆகலாம். ஆடினால் படம் கலங்கிவிடும். படம் எடுக்கும் காமா கேமரா கதிரை வீசுவதில்லை, குழந்தையின் உடலிலிருந்து வருவதைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். அம்மா பக்கத்திலேயே இருக்கலாம்.

டெக்னீசியத்தின் கதிரியக்கம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஒரு நாள்வரை டயபர் மாற்றியபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

ரிப்போர்ட் வந்ததும் எல்லோருடைய கண்ணும் சதவீதத்துக்குத்தான் போகும். இரண்டு சிறுநீரகங்களும் 45 முதல் 55 சதவீதத்துக்குள் வேலையைப் பகிர்ந்துகொண்டால் இயல்பு என்பார்கள். ஆனால் இரண்டிலுமே வடு இருந்தாலும் பங்கு சமமாகவே வரலாம். ஆகவே விளிம்பில் குழிவோ மங்கலோ இருப்பதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வடு இருந்தால், அந்தக் குழந்தைக்கு ரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.