ஷேப் என்பது படமல்ல: போட்டோஷாப் வடிவங்கள் பற்றி ஒன்பது நம்பிக்கைகள்

கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் பேனர், யூடியூப் தம்ப்நெயில் என எதற்காக போட்டோஷாப்பைத் திறந்தவரும் ஒரு நாளாவது கஸ்டம் ஷேப் டூலைத் தொட்டிருப்பார். இதயம், அம்புக்குறி, பேச்சுக்குமிழி எல்லாம் அங்கே தயாராக இருக்கும். எடுத்து இழுத்தால் திரையில் வந்து விழும். 2000-இல் வெளியான போட்டோஷாப் 6 தொடங்கி இருக்கும் வசதி இது. இத்தனை ஆண்டுகளில் இதைப் பற்றி ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டுப் பரவிய செய்திகள் ஏராளம். அவற்றில் சில முழுத் தவறு, சில பாதி உண்மை. பாதி உண்மைதான் அச்சகத்தில் போய்க் காலை வாரிவிடும்.

நம்பிக்கை 1: ஷேப் என்பது ஒரு குட்டிப் படம்.

உண்மை: அதில் படமே கிடையாது. ஷேப்புக்குள் இருப்பது பாத். சில ஆங்கர் பாயிண்டுகள், ஒவ்வொன்றிலிருந்தும் நீளும் கைப்பிடிகள், அவை தீர்மானிக்கும் வளைவுகள், அவ்வளவுதான். இந்த வளைவுகளுக்கு ரெனோ கார் நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெசியேயின் பெயர் நிலைத்துவிட்டது. 1960-களில் கார் உடலின் வளைவுகளை வரைய அவர் இந்தக் கணக்கைப் பயன்படுத்தினார். சிட்ரோயன் நிறுவனத்தில் பால் டி காஸ்டல்ஜோ 1959-லேயே இதே வழியைக் கண்டிருந்தார்.

கணக்கு என்பதால் நான்கே புள்ளிகளில் ஒரு வட்டத்தைச் சொல்லிவிட முடிகிறது. அந்த வட்டம் நூற்றுக்கு நூறு துல்லியமானதுகூட அல்ல. விலகல் ஆரத்தில் பத்தாயிரத்துக்கு மூன்று பங்குக்கும் குறைவு என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தையல்கடையில் வெட்டி மாட்டியிருக்கும் அளவு அட்டையைப் போலத்தான் இந்த ஷேப்பும். அட்டையில் சட்டையின் வடிவம் இருக்கும். துணியின் நிறம் இருக்காது. நீங்கள் சிவப்பில் தங்க விளிம்போடு ஒரு பூ வரைந்து அதை ஷேப்பாகச் சேமித்தாலும், சேமிப்பில் போவது பூவின் கோடு மட்டுமே. நிறம், ஸ்ட்ரோக், நிழல் எதுவும் கூடப் போகாது. நிறத்தோடு வேண்டுமென்றால் கிரியேட்டிவ் கிளவுட் லைப்ரரியில் கிராஃபிக்காகப் போட்டுவைக்கலாம்.

நம்பிக்கை 2: புதிய ஷேப்களை நிறுவ, மென்பொருள் இருக்கும் ஃபோல்டருக்குள் ஃபைலைப் போட்டு போட்டோஷாப்பை மறுபடி திறக்க வேண்டும்.

உண்மை: அது பழைய காலத்து வழிகளில் ஒன்று. பிரீசெட்ஸ் ஃபோல்டருக்குள் உள்ள கஸ்டம் ஷேப்ஸ் என்ற உள்ஃபோல்டரில் போட்டால், அடுத்த முறை திறக்கும்போது மெனுவில் பெயர் தெரியும். இன்று அது தேவையில்லை. ஷேப் தொகுப்புகள் சி.எஸ்.எச். என்ற பின்னொட்டோடு வரும். ஜிப்பாக வந்திருந்தால் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபைலை இரட்டைக் கிளிக் செய்யலாம். அல்லது விண்டோ மெனுவில் ஷேப்ஸ் பேனலைத் திறந்து, அதன் மூலையில் உள்ள மெனுவில் ‘இம்போர்ட் ஷேப்ஸ்’ கொடுக்கலாம். தொகுப்பு பேனலில் தனிக் குழுவாக வந்து உட்காரும்.

யூனிக்ஸ் உலகில் 1970-களின் இறுதியில் பிறந்த சி-ஷெல் நிரல்களுக்கும் இதே பின்னொட்டுதான். அதனால் சில கணினிகளில் இரட்டைக் கிளிக் செய்தால் வேறு மென்பொருள் திறந்துகொள்ளும். ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். பேனல் வழியாக இம்போர்ட் செய்யுங்கள். ஜிப்புக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்று ஓர் இ.எக்ஸ்.இ. ஃபைல் இருந்தால் மட்டும் தொடவே தொடாதீர்கள். ஷேப் தொகுப்புக்கு இன்ஸ்டாலர் தேவைப்படாது.

நம்பிக்கை 3: புதிய வெர்ஷனில் பழைய ஷேப்களை அடோபி நீக்கிவிட்டது.

உண்மை: நீக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறது. 2019 நவம்பரில் வந்த போட்டோஷாப் 2020-இல் ஷேப்களுக்கென்று தனிப் பேனல் வந்தது. மரங்கள், விலங்குகள், படகுகள், பூக்கள் என்று புதிய தொகுப்புகள் முன்வரிசைக்கு வந்தன. அதே பேனலின் மெனுவில் ‘லெகசி ஷேப்ஸ் அண்ட் மோர்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைக் கிளிக் செய்தால் பழைய அம்புகள், பட்டைகள், அலங்காரச் சட்டங்கள் எல்லாம் திரும்பிவரும். பழைய பாடங்களில் சொல்லும் பிரீசெட் மேனேஜரில் ஷேப்களைத் தேடிக் களைத்துப்போகாதீர்கள். ஷேப் நிர்வாகம் முழுவதும் இப்போது பேனலில்தான்.

நம்பிக்கை 4: ஒரு தடவை ஏற்றிவிட்டால் ஷேப் எப்போதும் இருக்கும்.

உண்மை: இந்த நம்பிக்கையால்தான் இழப்பு அதிகம். ஏற்றிய ஷேப்களும் நீங்களே உருவாக்கியவையும் போட்டோஷாப்பின் செட்டிங்ஸ் ஃபோல்டரில் தங்குகின்றன. மென்பொருளை முறையாக மூடும்போது அங்கே பதிவாகின்றன. புது ஷேப் செய்த கையோடு மென்பொருள் செயலிழந்து நின்றால் அது பதிவாகாமலே போகலாம். கணினியை ஃபார்மேட் செய்தால் மொத்தமும் போய்விடும். பழைய வெர்ஷன்களில் இன்னொரு பொறியும் உண்டு. புதுத் தொகுப்பை ஏற்றும்போது வரும் கேள்விக்கு ‘அப்பெண்ட்’ கொடுக்காமல் ‘ஓகே’ கொடுத்தால், இருப்பதை அகற்றிவிட்டுப் புதியது அந்த இடத்தில் வந்துவிடும்.

வழி எளிது. உங்கள் ஷேப்களைத் தேர்ந்தெடுத்து, பேனல் மெனுவில் ‘எக்ஸ்போர்ட் செலக்டட் ஷேப்ஸ்’ கொடுத்து, வரும் சி.எஸ்.எச். ஃபைலை வேறொரு டிரைவில் வையுங்கள். புது வெர்ஷனுக்கு மாறும்போது எடிட் மெனுவின் பிரீசெட்ஸ் பகுதியில் உள்ள ‘மைக்ரேட் பிரீசெட்ஸ்’ பழையவற்றைக் கொண்டுவந்து சேர்க்கும். இருந்தாலும் கையில் ஒரு பிரதி இருப்பதே நல்லது.

நம்பிக்கை 5: பி.எஸ்.டி. ஃபைலை அனுப்பும்போது ஷேப் தொகுப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

உண்மை: தேவையில்லை. எழுத்துருவுக்கான விதியை ஷேப்புக்கும் பொருத்திப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்து லேயரைத் திருத்தப் போனால் சிக்கல் வரும். ஷேப் அப்படியல்ல. கேன்வாஸில் வரைந்த நொடியே பாத்தின் நகல் அந்த ஃபைலுக்குள் போய்விடுகிறது. பேனலில் உள்ள மூலத்தை அழித்தாலும் ஃபைலில் உள்ளது அசையாது.

இதையே எழுத்துருச் சிக்கலுக்கு மருந்தாகவும் பயன்படுத்தலாம். அச்சகத்தில் உங்கள் தமிழ் எழுத்துரு இருக்குமோ இருக்காதோ என்ற கவலை வேண்டாம். தலைப்பு லேயரில் வலது கிளிக் செய்து ‘கன்வெர்ட் டு ஷேப்’ கொடுத்தால் எழுத்துகள் பாத்தாகிவிடும். கொம்பும் புள்ளியும் இடம் மாறாது. ஆனால் அதன் பிறகு எழுத்துப்பிழையைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது. ஆகவே எழுத்து லேயரின் நகல் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

நம்பிக்கை 6: வெக்டர் என்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

உண்மை: பாத்தாக இருக்கும்வரை உடையாது. அது பிக்சலாக மாறும் இடங்கள் மூன்று. முதலாவது, டூலின் மேல்பட்டையில் ‘ஷேப்’, ‘பாத்’, ‘பிக்சல்ஸ்’ என்று மூன்று முறைகள் இருக்கின்றன. ‘பிக்சல்ஸ்’ தேர்வாகியிருந்தால் வரையும்போதே அது வெறும் வண்ணத் திட்டுதான். இரண்டாவது, லேயருக்கு ‘ராஸ்டரைஸ்’ கொடுப்பது. மூன்றாவது, ஜே.பி.ஜி. ஆகவோ பி.என்.ஜி. ஆகவோ சேமிப்பது.

மூன்றாவதில் மாட்டுபவர்களே அதிகம். 10 அடி அகல ஃப்ளெக்ஸை அங்குலத்துக்கு 72 பிக்சல் கணக்கில் போட்டால் 8,640 பிக்சல் அகலம் வேண்டும். 1,000 பிக்சல் அகலத்தில் வடிவமைத்து, ஜே.பி.ஜி. ஆக்கி, அதை அச்சகத்தில் இழுத்தால் ஒவ்வொரு பிக்சலும் எட்டு மடங்குக்கு மேல் நீளும். உள்ளே இருந்தது வெக்டர் ஷேப் என்பது அப்போது உதவாது. பி.எஸ்.டி. ஆகவோ போட்டோஷாப் பி.டி.எஃப். ஆகவோ கொடுத்தால் பாத் பாத்தாகவே போகும். அதே ஃபைலில் உள்ள புகைப்படத்துக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சின்ன அளவில் நேர்மாறான தொல்லை ஒன்று உண்டு. ஐகான் வரையும்போது நேர்கோட்டின் ஓரம் மங்கலாகத் தெரியும். கோடு இரண்டு பிக்சல்களுக்கு நடுவில் விழுவதே காரணம். மேல்பட்டையில் ‘அலைன் எட்ஜஸ்’ தேர்வைப் போட்டால் ஓரம் பிக்சல் கட்டத்தோடு பொருந்திக்கொள்ளும்.

நம்பிக்கை 7: ரெடிமேட் ஷேப்பில் நிறத்தை மாற்றலாம், வடிவத்தை மாற்ற முடியாது.

உண்மை: வடிவத்தை மாற்றத்தான் இந்த ஏற்பாடே. எல்லோருடைய பேனரிலும் ஒரே இதயமும் ஒரே நட்சத்திரமும் இருப்பதற்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது.

முதலில் வரையும் பழக்கம். சும்மா இழுத்தால் ஷேப் நசுங்கியோ நீண்டோ வரும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் விகிதம் மாறாது. துல்லியமான அளவு வேண்டுமென்றால் இழுக்காமல் கேன்வாஸில் ஒரு கிளிக் செய்யுங்கள். அகலமும் உயரமும் கேட்கும் பெட்டி திறக்கும்.

அடுத்து வெளித்தோற்றம். சி.எஸ்.6 வெளியான 2012 முதல் ஷேப்புக்கு ஃபில், ஸ்ட்ரோக் இரண்டும் தனித்தனி. ஒரே நிறம், கிரேடியண்ட், பேட்டர்ன், ஒன்றுமில்லை என நான்கு வகையில் ஃபில் கொடுக்கலாம். ஸ்ட்ரோக்கை விளிம்புக்கு உள்ளே, நடுவே, வெளியே வைக்கலாம். விட்டுவிட்டு வரும் கோடாகவும் ஆக்கலாம். ஒரு ஷேப் லேயருக்கு ஒரு ஃபில்தான். இதழுக்கு ஒரு நிறம், காம்புக்கு ஒரு நிறம் வேண்டுமென்றால் இரண்டு லேயராகப் பிரித்தாக வேண்டும்.

பிறகுதான் வடிவம். ‘ஏ’ விசையில் இருக்கும் டைரக்ட் செலக்ஷன் டூலை எடுத்து ஷேப்பின் விளிம்பைத் தொட்டால் ஆங்கர் பாயிண்டுகள் தெரியும். ஒன்றை இழுத்துப் பாருங்கள். இதயத்தின் நுனி வெற்றிலையின் நுனியாக வளையும். பென் டூலால் புள்ளியைக் கூட்டலாம், குறைக்கலாம். வட்டம், செவ்வகம் போன்றவற்றின் புள்ளியைத் தொட்டால், இது சாதாரணப் பாத்தாகிவிடும், தொடரவா என்று ஒரு பெட்டி கேட்கும். பயப்பட ஒன்றுமில்லை. மூலையின் ஆரத்தை எண்ணாகக் கொடுத்து மாற்றும் வசதி போய்விடும், அவ்வளவே.

ஒன்றோடொன்றைக் கூட்டிக் கழிப்பதில்தான் அதிகப் பலன். ஒரு வட்டம் வரையுங்கள். அந்த லேயர் தேர்விலிருக்க, ஆல்ட்டை அழுத்திக்கொண்டு சற்று விலகி இன்னொரு வட்டம் வரைந்தால் முதல் வட்டத்திலிருந்து அது கழிபட்டுப் பிறை கிடைக்கும். ஷிஃப்ட் அழுத்தினால் இரண்டும் சேரும். இரண்டு விசையையும் சேர்த்து அழுத்தினால் பொதுவான பகுதி மட்டும் நிற்கும். அந்தப் பொதுப் பகுதி ஓர் இலை. இதுவரை இரண்டு பாத்தும் தனித்தனியாக நகரும். திருப்தியானதும் ‘மெர்ஜ் ஷேப் காம்பொனென்ட்ஸ்’ கொடுத்தால் ஒன்றாகிவிடும். கடைசியில் எடிட் மெனுவில் ‘டிஃபைன் கஸ்டம் ஷேப்’ கொடுத்துப் பெயர் வைத்தால், பேனலில் உங்கள் சொந்த ஷேப்.

நம்பிக்கை 8: எந்தப் படத்தையும் அப்படியே ஷேப்பாக்கிவிடலாம், ஷேப் ஃபைல் எந்த மென்பொருளிலும் திறக்கும்.

உண்மை: புகைப்படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ‘டிஃபைன் கஸ்டம் ஷேப்’ வரியைத் தேடினால் அது மங்கிக் கிடக்கும். பாத் இல்லாமல் ஷேப் இல்லை. ஒற்றை நிற நிழலுருவாக இருந்தால், தேர்வு செய்து பாத்ஸ் பேனலில் ‘மேக் வொர்க் பாத்’ கொடுக்கலாம். அது கேட்கும் டாலரன்ஸ் 0.5 முதல் 10 பிக்சல் வரை. குறைவாகக் கொடுத்தால் புள்ளிகள் குவியும், விளிம்பு நடுங்கும். அதிகமாகக் கொடுத்தால் மூலைகள் மழுங்கும். முக்கியமான லோகோ என்றால் பென் டூலால் கையால் வரைவதே மேல். இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்ததை காப்பி செய்து போட்டோஷாப்பில் ஒட்டும்போது ‘ஷேப் லேயர்’ என்று தேர்ந்தால் பாத் அப்படியே வந்துசேரும்.

சி.எஸ்.எச். போட்டோஷாப் குடும்பத்தின் வடிவம். போட்டோஷாப் எலிமென்ட்ஸ் அதை ஏற்கும். உலாவியில் இயங்கும் போட்டோபீயும் ஏற்கும். அதே அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் ஏற்காது. ஜிம்ப் பயன்படுத்துபவர்கள் எஸ்.வி.ஜி. வடிவில் தேடுங்கள், பாத்ஸ் பகுதியில் அதை இறக்குமதி செய்ய முடியும்.

நம்பிக்கை 9: இலவசமாக டவுன்லோடு செய்தது, எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

உண்மை: காசு வாங்காதது வேறு, உரிமை கொடுத்தது வேறு. பல தொகுப்புகளின் ஜிப்பில் ஒரு குட்டி உரைக்கோப்பு இருக்கும், யாரும் திறப்பதில்லை. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருந்தால் வாடிக்கையாளருக்கான லோகோவில் அது கூடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களிலும் சில, வரைந்தவர் பெயரைக் குறிப்பிடச் சொல்லும்; சில, வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும். நான்கு புள்ளிகளை நகர்த்திவிட்டால் புதுப் படைப்பாகிவிடும் என்ற கணக்கும் செல்லாது. நிறுவனச் சின்னங்களை ஷேப்பாகத் தரும் தொகுப்புகளில் இன்னும் கவனம் தேவை. பாத்தை யார் வரைந்திருந்தாலும் சின்னம் அந்த நிறுவனத்துடையது.

இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஷேப் விஷயத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும், பாத் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேனலில் மட்டும் இருந்தால் எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள். பி.எஸ்.டி.க்குள் இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். எங்கேயும் இல்லை, எல்லாம் பிக்சலாகிவிட்டது என்றால் பேனருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு முறை வரைந்துவிடுங்கள்.