போனில் மனம் திறக்கலாமா?

கேள்வி: கட்டாரில் பல வருசம் இருந்த கணவர் திரும்பிவிட்டார். வீட்டில் ஓயாத சண்டை. ஒன்லைனில் உளவளத்துணை பெறச் சொல்கிறாள் மகள். பலன் உண்டா?
– வாசகி, பரந்தன்

பதில்: உண்டு, தங்கச்சி. உளவளத்துணை என்றாலே 2009இல் முடிந்த யுத்தத்தைப் பற்றிக் கதைப்பது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். யார் கையில் காசு, பிள்ளைகளை யார் கண்டிப்பது என்ற பிடுங்குப்பாட்டுக்கும் அதுதான் இடம். சிக்கல் வேறு: தகரத் தடுப்பு வீட்டில் ரகசியம் ஏது? மாமியார் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, ஹெட்போனோடு வேலியோர வேம்படியில் இருங்கள். கதைப்பவரின் தகுதியையும் கட்டணத்தையும் முதலே கேளுங்கள். காசில்லையா? தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். கணவர் மறுத்தால் நீங்கள் மட்டும் தொடங்குங்கள். அவர் கைநீட்டினால் வீடியோ அழைப்பு போதாது. பெண்களுக்கான 1938க்கு எடுங்கள், காயமிருந்தால் கிளிநொச்சி வைத்தியசாலைக்கு நேரே போங்கள்.